நித்திலாவின் மூன்று பட்டங்கள்

மூன்று பல்கலைக்கழகங்களிலும் நான் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டேனாம், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள் நித்திலா. அவள் விண்ணப்பித்த மறுநாளே அங்கிருந்த கணினிகளில் அவளைப் போலவே யோசிக்கும் மென்பொருள் நகல்கள் அவள் பெயரில் சேர்ந்து, படித்து, ஆய்வேடும் கொடுத்துவிட்டன. பிடித்த பட்டத்துக்குக் கைரேகை வைப்பதுதான் அவள் வேலை.

"மூணாவதையே எடுத்துக்கடி. அதுல தங்கப் பதக்கம்," என்றாள் அம்மா.

"ரெண்டாவதுல?"

"படிக்கும்போதே கல்யாணம் பண்ணிக்கிட்டியாம். அப்பாவுக்கு அதான் புடிச்சிருக்கு."

நித்திலா சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை; கண் கலங்கியிருந்தது.

"ஆய்வேட்டுல எனக்கு எவ்வளவு உருக்கமா நன்றி எழுதியிருக்க! நேர்ல ஒரு வார்த்தை சொன்னதில்ல."

கைரேகைக் கருவியை நீட்டினாள். நித்திலா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"படிச்சவ வைக்கட்டும்மா. நான் இனிமேதான் படிக்கணும்."