ஒரு ராத்திரிக்கான பை

கல்வராயன் மலையில் ஒரு ராத்திரி தங்கத்தான் போகிறான் இருசப்பன். அதற்கே மகளின் பழைய பள்ளிக்கூடப் பை போதவில்லை. தார்ப்பாயை வைத்தால் போர்வை நுழையவில்லை, போர்வையை வைத்தால் குண்டான் வெளியே நின்றது.

“நீ இருந்தா அடக்கியிருப்ப, ஜெயா” என்று மனைவியின் படத்திடம் சலித்துக்கொண்டான். கரும்பு வெட்டப் போகிற ஊருக்கெல்லாம் குடித்தனத்தையே ஒரே சாக்கில் அடக்கிக்கொண்டு போனவள். ஒரு தடவையாவது மலைக்குப் போகணும் என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனாள்.

அவன் குளித்துவிட்டு வந்தபோது, யாருமில்லாத வீட்டில் பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

மலைமேல், கூட வந்த ஜெயாவின் தம்பி கொளஞ்சியப்பன் சாமான்களை வெளியே எடுத்தான். குண்டானுக்குள் போர்வை, போர்வைக்குள் அரிசி.

“இன்னா மாமா, அக்கா மாதிரியே கட்டிக்கினு வந்திருக்கிற?”

இருசப்பன் காலிப் பையைத் தூக்கினான். ஏறும்போது இருந்த கனம் கொஞ்சமும் குறையவில்லை.

அதைப் பாறை விளிம்புக்குக் கொண்டுபோய், கள்ளக்குறிச்சிப் பக்கம் பார்த்து வைத்து, ஜிப்பை முழுசாகத் திறந்துவிட்டான்.

“அதோ, அந்தப் பக்கந்தான் நம்ம வூடு. நல்லா பாத்துக்க.”

எட்டிப் பார்ப்பதுபோல் பை மெல்ல முன்னே சாய்ந்தது. விழுந்துவிடாமல் அவன் வாரைப் பிடித்துக்கொண்டான்.