இலந்தைப் பேனாவும் மூக்கு எண்ணெயும்

“என் பொண்ணு லான்சினைக் கட்டிக்கணும்னா, மார்ச் வரைக்கும் இது வெடிக்காமப் பாத்துக்கோ” என்று தோங் மாமா, தாம் கடைந்த இலந்தைமரப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

பெய்ஜிங்கில் நவம்பர் பிறந்தால் குளிரை விரட்ட வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் கொதிக்கும். அந்த அனலில் மரம் எதுவானாலும் விரிசல் விடும்.

“என்ன தடவணும் மாமா?”

“மூக்கு எண்ணெய். பூங்காவுல மரமணியை மூக்குல தேச்சு மெருகேத்துற பெருசுங்களைப் பாத்ததில்லயா? தினமும் மூக்கோரம் வெச்சு நூறு தடவை தேய்க்கணும்.”

நான் ஒரு நாளைக்கு நான்கு முறை முகம் கழுவுகிறவன்.

ஆனாலும் கல்யாணம் ஆக வேண்டுமே. நான்கு மாதம், லான்சினும் நானும் படிக்கும் கல்லூரியில், நூலகத்தின் கடைசி மேசையில், தினமும் தவறாமல் நூறு தேய்ப்பு நடந்தது. பேனா பளபளத்தது. பார்க்கும்போதெல்லாம் குமட்டியது.

மார்ச்சில் மாமா பேனாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பேனாவை மேசையில் போட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

“ஆறு வருஷம் காயவெச்ச மரம்டா இது. அடுப்பு மேல வெச்சாலும் வெடிக்காது. யார் என்ன அசிங்கத்தைச் சொன்னாலும் செய்வியான்னு பாத்தேன். செஞ்சுட்ட. இந்த மூக்கோட என் பொண்ணு குடும்பம் நடத்தணுமா?”

நான் மாமாவுக்குப் பக்கத்தில் நின்ற லான்சினைப் பார்த்தேன். அவள் கைக்குட்டையை எடுத்து மெதுவாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவன் அதைத் தொடவே இல்லப்பா. குமட்டுதுன்னுட்டான். நாலு மாசமும் என் மூக்குதான்.”