கத்தரியாருக்குக் காவல்

வாசலில் நின்ற போலீஸ்காரர் தெருப் பக்கம் திரும்பவே இல்லை. துப்பாக்கியை அணைத்துக்கொண்டு கதவையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஆளு விலை போயிட்டான்டி," என்று ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து மனைவியிடம் கிசுகிசுத்தார் நிருபர். சாய ஆலை முதலாளி ஆற்றில் விஷம் கலப்பதைப் படம் பிடித்ததிலிருந்து, நிருபரைக் கொசு கடித்தாலும் அது கொலை முயற்சிதான்.

பத்திரிகை ஆபீஸில் அவருக்குப் பெயர் கத்தரி. தலைப்பு பத்திக்குள் அடங்காவிட்டால் பெற்ற தாயின் பெயரிலும் இரண்டு எழுத்தை வெட்டிவிடுவார். பாதுகாப்பு கேட்டு மனு எழுதியதும் அதே கைதான்.

"சும்மா இருங்க. கோர்ட்டே அனுப்பின ஆளு. பத்திரிகைக்காரங்க கேட்டதைக் கேட்டபடி குடுக்கணும்னு புதுச் சட்டமாமே?"

"கேட்டபடியா? இவன் பார்க்கிற பார்வை சவப்பெட்டிக்கு அளவெடுக்கற மாதிரி இருக்கு!"

அன்று காலை விசாரணை கமிஷன் கூடுகிறது. படம் அங்கே போய்ச் சேராவிட்டால் முதலாளி மாலையும் கழுத்துமாக வெளியே வந்துவிடுவார். கத்தரியார் கேமராவை மார்போடு இறுக்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.

போலீஸ்காரர் குறுக்கே கையை நீட்டினார். "வெளியே போகக் கூடாது சார்."

"பார்த்தியாடி, பார்த்தியா!" கத்தரியார் போட்ட சத்தத்தில் நாலு தெரு நாய்கள் ஊரைவிட்டே ஓடின. "அந்த முதலாளி உனக்கு என்னய்யா, மாமனா மச்சானா?"

"அவர் யாருன்னே தெரியாது சார். நீங்க படி தாண்டினா என் வேலை போயிடும்."

மனைவி பேச்சை வளர்க்கவில்லை. கணவர் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். போலீஸ்காரர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

கத்தரியாருக்குத் தலை சுற்றியது. முதலாளியின் ஆள் என்றால் கேமராவை ஏன் போகவிட்டான்?

"யோவ், என்னைத் தடுத்துட்டு அவளை மட்டும் ஏன்யா விட்ட?"

"அவங்க கேக்கலையே சார்."

"நான் மட்டும் என்னத்தக் கேட்டேன்?"

போலீஸ்காரர் பாவமாகத் தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் 'வீட்டுக்குக் காவல்' கேப்பாங்க. நீங்கதான் சார் 'வீட்டுக் காவல்' கேட்டிருக்கீங்க!"