பிரிட்டாவுக்குப் பதக்கம்

கல்லூரி முதல்வர் பிரிட்டாவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் லோர்னா கைதட்டத் தொடங்கிவிட்டாள்.

முந்திக்கொண்டு தட்டினால் தன் முகத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த வெண்டல் கவனித்துவிட்டான்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கைதட்டுற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்," என்றான் காதோரமாக. "கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்க, லோர்னா. போட்டோ எடுக்குறாங்க."

சிரித்தாள். கன்னம் வலித்தது.

அமெரிக்காவின் வட எல்லையில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில், தேர்ந்தெடுத்த சிலர் மட்டும் படிக்கும் ஹானர்ஸ் வகுப்பு அது. சிறந்த ஆய்வுக்கு வருடத்துக்கு ஒரே ஒரு பதக்கம். இந்த முறை கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் வெண்டல், லோர்னா, பிரிட்டா. வெண்டல் எதற்கும் ஆசைப்படாதவன். அவனை விட்டுவிட்டால் மிச்சம் இரண்டு பேர்தான்.

பிரிட்டா மேடையேறிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் ஆகியும் வெளியே பனி கரையவில்லை. சேறு ஒட்டிய பூட்ஸைக்கூட மாற்றாமல் ஏறினாள். அதுவும் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. லோர்னாவோ காலையில் மூன்று சட்டைகளை இஸ்திரி போட்டுப் பார்த்து, நாலாவதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

பிரிட்டாவுக்கு எதுவுமே கஷ்டமாக இருந்ததில்லை. அதுதான் லோர்னாவுக்குத் தாங்கவில்லை.

மூடிப்போன செம்புச் சுரங்கத்தின் கழிவு மணலில் முளைக்கும் பாசியைப் பற்றிப் பிரிட்டா எழுதினாள். சிகாகோ மாநாட்டில் அதைப் பற்றிப் பேசி, பெரிய பேராசிரியர்களைச் சிரிக்கவைத்துவிட்டு வந்தாள். ஐஸ்லாந்தில் ஒரு பருவம் படிக்க இரண்டு பேருக்குமே இடம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு லோர்னாவால் போக முடியவில்லை. பிரிட்டா போனாள். அங்கிருந்து தினமும் படம் அனுப்பினாள்: கறுப்பு மணல், ஆவி பறக்கும் குளம், குட்டையான குதிரைகள். லோர்னா ஒவ்வொன்றுக்கும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இருவரும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துதான் எழுதினார்கள். சுரங்கம் மூடிய பிறகும் ஊரைவிட்டுப் போகாத பெண்களைப் பற்றி லோர்னா எழுதினாள். வாக்கியம் வாக்கியமாக அடித்து அடித்து எழுதினாள். அவள் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் பிரிட்டா ஒரு அத்தியாயத்தையே முடித்துவிடுவாள். லோர்னா சுட்டு வைத்த இறைச்சிப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே, "காட்டு, ஒரு தடவை படிச்சுத் தரேன்," என்பாள். அவள் சொல்லும் திருத்தம் சரியாகவே இருக்கும். அந்தச் சரியைப் பார்த்தாலே லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் பிரிட்டாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆய்வைப் பேசிக்காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

குரல் வராமலே போய்விட்டால்?

லோர்னாவின் மனசு துள்ளியது. ஒரு நொடிதான். ஆனால் துள்ளியது. அந்த ஒரு நொடிக்காக அடுத்த இரண்டு நாளும் இஞ்சியையும் தேனையும் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள்.

மேடையில் முதல்வர் நீல நாடா கோத்த பதக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதை அவர் மாட்டிவிடுவதில்லை. மாணவரின் வீட்டு ஆள் யாராவது வந்து மாட்டிவிடுவதுதான் அங்கே வழக்கம்.

"வீட்டுலேருந்து யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

கூட்டத்தில் பலர் பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெற்றோர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழவில்லை.

லோர்னா தன் மடியைப் பார்த்தாள். வெண்டல் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டான்.

பிரிட்டா மைக்கைப் பிடித்தாள். "லோர்னா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். வாசலுக்குள் நுழைந்துவிட்டால் லோர்னா லோர்னாதான். மற்ற உறவெல்லாம் வீட்டோடு. வகுப்பில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, விஷயம் தெரிந்தவர்களுக்கும் அது மறந்துபோயிருந்தது. நான்கு வருடம் பிரிட்டா ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

"அம்மா, வா," என்றாள்.

லோர்னா எழுந்தாள். இதே கல்லூரியில் ஒரு காலத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள். வயிற்றில் பிரிட்டா வந்ததும் பாதியில் விட்டுவிட்டுப் போனவள். எழுந்து, தோற்றவர்களின் வரிசையிலிருந்து மேடைக்கு நடந்தாள்.

நாடாவின் கொக்கி கைக்கு அகப்படவில்லை. பிரிட்டா தலையைக் குனிந்து, பின்கழுத்து முடியை ஒதுக்கிக் கொடுத்தாள். லோர்னாவின் கண்ணிலிருந்து வழிந்ததைப் பார்த்த கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பின்வரிசையில் யாரோ ஒரு அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொறாமையா இருக்கா?" என்று பிரிட்டா நிமிராமலே கேட்டாள், மைக்கில் விழாத குரலில்.

"ஆமா," என்றாள் லோர்னா. "அசையாம நில்லு."