சயாம் காட்டில் இறங்கியவன்

ஜப்பான்காரர்களின் ரயில் பாலத்தைக் குறிவைத்து, பிரிட்டிஷ் விமானத்திலிருந்து குண்டுகளைப் போட்டவன் தேவசகாயம். திரும்பும்போதே, கீழிருந்து சுட்டதில் விமானம் தீப்பிடித்தது. அவன் மட்டும் குதித்தான்; கூட வந்தவர்கள் யாரும் குதிக்கவில்லை. பாராசூட்டையும் சீருடைச் சட்டையையும் காட்டில் விட்டுவிட்டு, கிழிந்த உடையோடு ஆற்றங்கரைக்கு நொண்டி வந்தவன், "அம்மா" என்று முனகியபடி விழுந்தான். கேட்டு ஓடிவந்தாள் ஒருத்தி. மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்து வந்த செங்கமலம்.

"தமிழாளா? எந்திரிங்க தம்பி. கொட்டகையில குண்டு விழுந்திருச்சு. எம் புருசன் உள்ள கெடக்காரு. தூக்க ஆளில்ல."

பாலம் அப்படியே நின்றது. பக்கத்தில் கூலியாட்களின் கொட்டகைகள் எரிந்துகொண்டிருந்தன. புருஷனின் தலைமாட்டை அவள் பிடிக்க, கால்களை அவன் பிடித்தான். வெளியே கிடத்தியபோது உடலில் உயிரில்லை.

"எந்தப் பாவி போட்டானோ" என்று அழுதவள், தேவசகாயத்தின் காயத்தில் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

"நீங்களாச்சும் தப்பிச்சீங்களே. எந்தத் தோட்டத்து ஆளு தம்பி?"