பதினேழு கிலோமீட்டர்

பனச்சமூட்டில் ஷிஜுவின் ஒர்க்‌ஷாப்புக்கு ரெஜிலா டீச்சர் காரோடு வந்தார். என்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷிஜு ஸ்கேனரை மாட்டினான். கோளாறு எந்தக் கிலோமீட்டரில் வந்தது, அப்போது வண்டி எப்படி இருந்தது என்று அது காட்டும்.

கார் மீட்டரில் 48,203. கோளாறு பதிவானது 48,220-இல், வண்டி இன்னும் ஓடாத தூரத்தில். வேகம் எழுபது. முன்சீட்டுகள் இரண்டிலும் பெல்ட் போட்டிருந்தது.

"டீச்சரே, கூட ஆரு உண்டு?"

"ஆருமில்ல. நான் தனியாக்கும் வந்தேன்."

பதிவை அழித்தான். விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது. அதே 48,220. ஸ்கேனரைத் தன் வேனில் மாட்டினான். அங்கே எல்லாம் சரியாகக் காட்டியது.

"இண்ணைக்கு வண்டி எடுக்கண்டாம் டீச்சரே. பஸ்ஸுல போங்க."

"பஸ்ஸு இப்பதான் போச்சு மக்கா. பன்னெண்டு மணிக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டுல நிக்காட்டி வீடு போயிரும்."

மழை தூறத் தொடங்கியது. டீச்சரைத் தனியாக அனுப்ப ஷிஜுவுக்கு மனம் வரவில்லை.

"செரி, நானும் கூட வாறேன். மெதுவா போவோம்."

டீச்சருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வண்டி நகர்ந்ததும், வழக்கம்போல, பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

என்ஜின் விளக்கு அணைந்தது.