மோட்டார் தானாக ஓடியது

குழாயைத் திறந்தால் தானாக ஓடும் கிணற்று மோட்டார், எதையும் திறக்காமலே ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. வீட்டில் தனியாக இருந்த ஜின்சி, பயந்துபோய்க் கணவனுக்குப் போன் செய்தாள்.

“பிரஷர் டேங்க் கோளாறா இருக்கும். இல்லன்னா ஆனை பைப்ப மிதிச்சிருக்கும். காட்டானை சுத்துற சின்னக்கானல்ல இது புதுசா? கதவத் தாழ் போட்டுக்கிட்டு உள்ளயே கிட. பிளம்பர அனுப்புறேன்.”

எல்லாத் தாழ்ப்பாள்களையும் போட்டுவிட்டு, ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பிளம்பர் பவுல்ராஜ் சிரித்தான்.

“அக்கா, ஆனையும் இல்ல, பூனையும் இல்ல! டேங்க் நல்லாருக்கு, பைப்பும் உடையல. வீட்டுக்குப் போற வால்வ அடைச்சதும் மோட்டார் நின்னுருச்சு. உள்ளதான் யாரோ தண்ணி புழங்குறாங்க.”

“நான் மட்டுந்தானே தம்பி இருக்கேன்!”

மாடிக் குளியலறையிலிருந்து ஓர் ஆண்குரல் எரிச்சலாகக் கேட்டது:

“யாருடா தண்ணிய அடைச்சது?”